உடைந்த வார்ப்பிரும்பு: நுண்ணோக்கியா, எக்ஸ்ஆர்டியா?

காஸ்ட் அயர்ன் உடைந்து வந்தால் ஃபவுண்டரிக்காரர் முதலில் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். சாம்பல் நிறமென்றால் கிராஃபைட். வெள்ளையாக மின்னினால் சிமென்டைட். ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையை மின்னணு நுண்ணோக்கியும், எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவைப் பயன்படுத்தும் எக்ஸ்ஆர்டியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்னது உருவத்தைக் காட்டும். பின்னது என்ன படிகம் என்று சொல்லும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் நுண்ணோக்கியைத்தான் சொல்வேன். சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில்களாக இருக்கும், டக்டைல் அயர்னில் உருண்டைகளாக. முன்னது படாரென்று உடையும். பின்னது ஓரளவு வளைந்துகொடுக்கும். எக்ஸ்ஆர்டிக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. செதிலோ உருண்டையோ, கிராஃபைட் அடுக்குகளின் இடைவெளி அதே 3.35 ஆங்ஸ்ட்ராம்தான். விரிசல் எங்கே தொடங்கியது என்பதையும் அது சொல்லாது.

எக்ஸ்ஆர்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சாம்பல் வார்ப்பிரும்பில் விரிசல் கிராஃபைட் செதில்கள் வழியாகவே ஓடும். அதனால் உடைந்த முகத்தில் கிராஃபைட் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அந்த முகத்தை அப்படியே கருவியில் வைத்துச் சதவீதம் கணக்கிடுவது வீண். பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி, மெருகேற்றி அளக்க வேண்டும். பல கூடங்களில் வழக்கமாக இருக்கும் தாமிர எக்ஸ்-கதிர்க் குழாயும் இங்கே உதவாது. அதன் கதிர் பட்டதும் இரும்பு தானே எக்ஸ்-கதிரை உமிழும். எக்ஸ்ஆர்டி வரைபடத்தின் சின்ன உச்சிகள் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். கோபால்ட் அல்லது குரோமியம் குழாய் வேண்டும்.

ஆனால் ஆஸ்டெம்பர் என்ற ஹீட் ட்ரீட்மென்ட் செய்த டக்டைல் அயர்னில் எவ்வளவு ஆஸ்டினைட் மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி வந்தால் நுண்ணோக்கி தடுமாறும். ஊசி ஊசியான ஃபெரைட்டுக்கு இடையில் கிடப்பதைக் கண்ணால் எடைபோட முடியாது. எக்ஸ்ஆர்டியில் இரண்டுக்கும் தனித்தனி உச்சி. உச்சிகளின் பரப்புகளை ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

எக்ஸ்ஆர்டியின் அருமை விரிசலுக்குள் படிந்த ஆக்சைடில் இன்னும் நன்றாகத் தெரியும். நுண்ணோக்கிக்கு அது வெறும் கறுப்புப் படலம். எக்ஸ்ஆர்டி அதில் வுஸ்டைட்டைக் கண்டால் கதை மாறுகிறது. அந்த ஆக்சைடு ஏறக்குறைய 570 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருவாகும். உடைந்தது தண்ணீர் இறைக்கும் பம்பு என்றால், அது ஓடும்போது ஒருநாளும் அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த விரிசல் வார்க்கும்போதோ ஹீட் ட்ரீட்மென்ட்டிலோ விழுந்தது. பம்பை ஓட்டியவரைக் கேட்டுப் பயனில்லை.