சிறுவாட்டுக் காசும் சொந்தக் கணக்கும்

வீட்டுச் செலவுக்கு வரும் பணத்தில் மிச்சம் பிடித்து, வீட்டில் மற்றவர்கள் அறியாமல் பெண்கள் சேர்த்துவைக்கும் தொகைக்குச் சிறுவாடு என்று பெயர். அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டியின் அடியில், பழைய சீலை மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால் அது இருக்கும். பால் ஊற்றிய காசு, முட்டை விற்ற காசு, பூக்கட்டிய கூலி, வாரத்துக்கு வளர்த்த ஆட்டில் கிடைத்த பங்குக் குட்டி எல்லாம் அதில் போய்ச் சேரும். பிள்ளையின் பரீட்சைக் கட்டணமும், வீட்டுக்காரர் படுத்துவிட்ட மாதத்தின் அரிசியும் பல குடும்பங்களில் இந்தக் காசிலிருந்துதான் வந்தன. பெண்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்ற நெடுநாள் பேச்சுக்குச் சிறுவாடே போதுமான மறுப்பு. சேமிக்கும் திறமை அவர்களிடம் எப்போதும் இருந்தது. சேமித்ததைத் தம் பெயரில், ஒளிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் இடம் இல்லை.

ஒளித்த காசுக்குப் பாதுகாப்பு குறைவு. கறையான் அரிக்கும், கணவன் கண்ணில் பட்டால் கைமாறும், வட்டியும் வளராது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்த சிறுவாடு வீடு வீடாக வெளியே வந்தது. வங்கிக் கணக்கு இல்லாத பெண்கள் அதைக் கணவனிடமோ மகனிடமோ கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது. ரகசியமாக இருந்ததால் மட்டுமே அவர்களுடையதாக இருந்த பணம் அது.

நகையின் கதையும் ஏறக்குறைய இதுதான். பிறந்த வீடு போட்ட நகை சீதனம். சட்டப்படி அது பெண்ணின் சொத்து. நடைமுறையில் விதைநெல்லுக்கும் கிணறு வெட்டவும் கொழுந்தன் கல்யாணத்துக்கும் முதலில் அடகுக் கடைக்குப் போவது அவள் கழுத்துச் சங்கிலி. மீட்டுத் தருவதாகச் சொன்ன வாக்குக்குச் சீட்டு எதுவும் கிடையாது.

சிறுவாடு ஓரளவு வளர்ந்ததும் சீட்டுக்குப் போகும். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று அதில் பல வகை. 20 பேர் மாதம் 1,000 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில் ஒரு மாதம் சேர்வது 20,000 ரூபாய். பணம் அவசரமாகத் தேவைப்படுபவர் 4,000 ரூபாய் தள்ளி எடுத்தால் அவருக்கு 16,000 கிடைக்கும். தள்ளிய தொகை, சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக, எல்லோருக்கும் கழிவாகப் பிரியும். ஒரே ஏற்பாட்டில் சேமிப்பும் கடனும் கிடைத்தன; ஜாமீன் கேட்கப்படவில்லை, அக்கம்பக்கத்தில் உள்ள பெயரே ஜாமீன். ஆனால் சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனால் கேட்பாரில்லை. தமிழ்நாட்டில் 1961-லும் இந்தியா முழுமைக்கும் 1982-லும் சீட்டு நிதிச் சட்டங்கள் வந்தன. தெருவில் நடந்த சீட்டுகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டங்களுக்கு வெளியேதான் தொடர்ந்தன.

சீட்டுக்கும் வழியில்லாத பெண்களுக்கு இருந்தது தண்டல். சென்னையில் காய்கறி, மீன், பூ விற்ற பெண்களின் அன்றாட முதல் அதிலிருந்து வந்தது. 1,000 ரூபாய்க் கடனுக்கு 150-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 850-ஐக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 10 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கில் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். விடியற்காலையில் கூடை எடுத்தவளின் லாபத்தில் ஒரு பங்கு மாலையில் தண்டல்காரரின் நோட்டில் வரவாகிவிடும்.

இந்த இடத்தில் 1978-ஆம் ஆண்டு முக்கியமானது. ஜெயா அருணாசலம் அந்த ஆண்டு சென்னையில் ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். காங்கிரஸ் கட்சியில் பணியாற்றிய அவர், குடிசைப் பகுதிப் பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது கிடைத்த பதில் நேரடியானது: தொழிலுக்குச் சிறு முதல். அதே அக்கம்பக்கத்தைச் சேர்ந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள். அந்தப் பொறுப்பை வைத்து, தேசியமயமான வங்கிகளில் 4 சதவீத வட்டியில் ஏழைகளுக்கென இருந்த கடன் திட்டத்தில் அவர்களுக்குப் பணம் பெறப்பட்டது. தண்டலுக்கும் 4 சதவீதத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்தால் அந்த முயற்சியின் அருமை தெரியும்.

வங்கி வாசல் திறந்தும் தடை தீரவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரம்தான் வியாபார நேரம். படிவம் நிரப்ப எழுத்தறிவு வேண்டும். அழுக்குச் சேலையோடு வந்தவளை எழுத்தர்கள் நடத்திய விதமும் இருந்தது. ஆகவே 1981-ல் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அகமதாபாத்தில் இலா பட் வழிகாட்டிய சேவா அமைப்பின் பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்கு போட்டு 1974-ல் சொந்த வங்கி தொடங்கியதற்கும் இதே அனுபவம்தான் காரணம்.

நகரத்தில் நடந்தது கிராமத்துக்கு வந்தது 1989-ல். மாநில அரசு 1983-ல் நிறுவிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. இன்றைய கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கிய அன்றைய தருமபுரி, மானாவாரி நிலமும் வறட்சியும் மிகுந்த மாவட்டம். திட்டம் பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு விரிந்தது. 1997-98 முதல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலமெங்கும் படிப்படியாகப் பரவியது.

குழுக் கூட்டம் பெரும்பாலும் இரவுச் சமையலுக்குப் பிறகு, கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ நடக்கும். 12 முதல் 20 பேர் பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஊக்குநர் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். ஒவ்வொருவரும் சுருக்குப்பையை அவிழ்த்துச் சந்தாவை நடுவில் வைப்பார்கள். ஆளுக்கு 20 ரூபாய் என்றால் 20 பேருக்கு 400 ரூபாய். எல்லோர் கண்முன்னும் எண்ணி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். கைநாட்டு வைத்தவர்கள் தம் பெயரை எழுதப் பழகியது பலருக்கு இந்த நோட்டில்தான். பிறகு உள்கடன் பேச்சு வரும். யாருக்கு முதலில் என்பதில் சண்டையும் வரும். பிரசவத்துக்குக் கேட்டவளுக்கு முன்னுரிமை கொடுத்து ஆடு வாங்கக் கேட்டவளை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். வட்டி பல குழுக்களில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஊரில் ஐந்து வட்டி, பத்து வட்டி வாங்கிய காலத்தில் அதுவே குறைவு. அதற்கும் மேலாக, அந்த வட்டி குழுவுக்கே திரும்பி வந்தது. வீட்டில் ஒளிந்திருந்த சிறுவாடு முதன்முறையாக ஊரறிய நோட்டில் ஏறியது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் என்று சொல்லத்தக்கது இதுவே.

1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்யப்படாத குழுவும் கணக்குத் தொடங்கலாம். சேமிப்பைப் போல் நான்கு மடங்கு வரை அடமானமில்லாமல் கடன் பெறலாம் என்பது அதன் சாரம். மதுரைப் பகுதியில் 1990-ல் தோன்றிய களஞ்சியம் இயக்கம் இதே வழியில் வளர்ந்தது. அழகர்கோவில் அருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, வயல் வேலைக்குப் போகும் கூலிக் கொத்துக்குத் தலைவியாக இருந்து அந்த இயக்கத்தின் தலைவியானார். 2001 ஜனவரியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

குழுக்களின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கடன் பெண் பெயரில் வந்து ஆண் கையில் செலவானது பல வீடுகளில் நடந்தது. தவணை மட்டும் அவள் தலையில் நின்றது. பெண்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்று கண்டுகொண்ட தனியார் நுண்கடன் நிறுவனங்கள் 2000-க்குப் பிறகு தெருத்தெருவாக வந்தன. குழுவின் அடிப்படை சேமிப்பு. இவர்களின் அடிப்படை வாராந்தரத் தவணை. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்களை அவள் வீட்டு வாசலில் உட்காரவைக்கும் வசூல் முறை, பெண்களுக்குள் இருந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கியது. கடன் வாங்கியவர்களின் தற்கொலைகளுக்குப் பின் 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி இந்நிறுவனங்களுக்குத் தனி விதிகளை வகுத்தது. கடன் எளிதாகக் கிடைப்பதைச் சுதந்திரம் என்று எண்ணிய காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்கு வேண்டியது சொத்து. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் உரிமை மட்டும் தந்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை முழு உரிமை ஆக்கியது. ஆனால் பரம்பரைக் கூட்டுச் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் வரும் பங்கை அது மகளுக்குத் தரவில்லை. தமிழ்நாடு 1989-ல் அந்தப் பங்கைத் தந்தது, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களை விட்டுவிட்டு. அந்த விலக்கு 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தால்தான் நீங்கியது. தந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது.

ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகங்களில் இன்றும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி அண்ணன் தம்பியிடம் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போடுகிறார்கள். பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது; புதிதாக வாங்குபவருக்கு அது உதவும். பிறப்பால் வந்த பங்கைக் காப்பாற்ற அது போதாது. பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. கையெழுத்துப் போடும் முன் அதை முழுக்கப் படிக்கவும், படிக்கத் தெரியாதவர் நம்பிக்கையான ஒருவரை வைத்துப் படித்துக் கேட்கவும் வேண்டும்.