டேனரி மாறியது, வீடு மாறவில்லை

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பாட்டிகள் சொன்னால் நமக்கு சர்க்கரைக்குக் குடிக்கும் பூக்கஷாயம்தான் ஞாபகம் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இந்தச் செடிக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு 'டேனர்ஸ் காசியா' என்று பெயர். தோல் பதனிடுபவரின் செடி.

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டை போட்ட குழியில் ஊறும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். பட்டையின் துவர்ப்பு தோலிலுள்ள புரதத்தைப் பிடித்து இறுக்கும். அப்புறம் தோல் அழுகாது. வீட்டிலும் அதே துவர்ப்புதான் மருந்து. வாய்ப்புண்ணா, பட்டைக் கஷாயத்தில் கொப்பளி. வயிறு சரியில்லையா, ராத்திரி கடுக்காய்ப் பொடி. குழியில் தினமும் கை நனைத்தவருக்கு அந்தப் பட்டை என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் குரோம் முறையைச் சோதித்தார். ஆனாலும் குரோம் இங்கே பெரிதாகப் பரவியது, 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகுதான். குழியில் வாரக்கணக்கில் நடந்த வேலை டிரம்மில் ஒரே நாளில் முடிந்தது.

கழிவு பாலாற்றுக்குப் போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வை 1996இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது.

டேனரி ஆவாரையை விட்டுவிட்டது. வீடு விடவில்லை. சிக்கல் இங்கேதான். குரோம் உப்பு சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால், அடுத்தமுறை கொஞ்சம் பட்டாலே திரும்ப வரும். அதையும் 'சூடு' என்று சொல்லி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால், எரிச்சல் கொஞ்சம் அடங்கலாம்; காரணம் மறுநாள் வேலைக்குப் போனதும் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்கலாம். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி, ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். அரைத்துப் பூச அரை மணி நேரம் போதும்.

அதனால் பாட்டி வைத்தியத்தைக் கேலி பண்ண எனக்கு மனசு வரவில்லை. அவள் அறிவு பொய்யில்லை. அது ஆவாரம்பட்டைக் காலத்து அறிவு. கையிலிருப்பது குரோம் காலத்துப் புண்.