பேட்டை

பெயர்ச்சொல். கோட்டைக்கோ ஊருக்கோ வெளியே, வணிகரும் கைத்தொழிலாளரும் குடியிருந்த சந்தைப் பகுதி. கன்னடத்தில் ‘பேட்டெ’, தெலுங்கில் ‘பேட்ட’. மைசூர் ஆணையர் பவுரிங் பெயரால் பவுரிங்பேட்டை எனப்பட்ட ஊரே இன்றைய பங்காருபேட்டை. ‘பங்காரு’ என்றால் தங்கம். அங்கிருந்து கிளை ரயிலில் போனால் கோலார் தங்கவயல்: சுரங்கம் நடந்த காலத்தில் தொழிலாளருக்குக் கம்பெனியின் ‘லைன்’ (வரிசை) வீடுகள், கடைவீதிக்கு ராபர்ட்சன்பேட்டை. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. சொல் திட்டமிட்ட தொழில் வளாகத்துக்கும் ஆகிவந்தது.

இன்றைய நகரமைப்பு விதிகள் வீடு, கடை, தொழில் என மண்டலம் பிரிக்கின்றன. கலப்புப் பயன்பாட்டுக்குச் சில இடங்களில் நெகிழ்கின்றன. முன்னால் கடை, மேலே வீடு, பின்கட்டில் பட்டறை என்று பேட்டைகள் வெகுகாலமாக வாழ்ந்த முறை அது. புதுக் குடியிருப்புகளை வகுப்போர் முதலில் படிக்க வேண்டியது பேட்டைத் தெருக்களைத்தான்.