ஊரிடம் பாடம் கேட்ட ஆசிரியர்



நம்ம வட்டார வரலாறு என்றாலே தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத்தொழில் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. பொறியாளனான நான் இறையியல் கல்வி பற்றி எழுத வந்தது அதனால்தான்.

1854 வாக்கில், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த தாமஸ் ராக்லண்ட் என்ற மிஷனரி, வட திருநெல்வேலி எனப்பட்ட நம் பகுதியில் கூடாரம் அடித்துத் தங்கி ஊர் ஊராகச் சென்றார். தெற்கத்திச் சபைகள் அனுப்பிய தமிழ் உபதேசியார்களும் உடன் சென்றார்கள். 1858இல் சிவகாசியிலேயே அவர் காலமானார். அவர்கள் உழைப்பு பெரிது. ஆனால் பாடம் போன திசை ஒன்றுதான்: படித்தவரிடமிருந்து ஊருக்கு.

அந்தத் திசையைத் திருப்பிப் பார்த்தவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் மதுரை அரசரடியில், 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தகவல் தொடர்புப் பாடம் நடத்தியவர். தென்னிந்தியத் திருச்சபைக் குருவானவர், தலித் சமூகத்தில் பிறந்தவர். மாணவர்களுக்கும் ஊர்மக்களுக்கும் அவர் 'பரட்டை அண்ணன்'.

மேல்நாட்டு ஞானப்பாட்டும் கர்நாடக ராகக் கீர்த்தனையும் கோலோச்சிய வழிபாட்டில் அவர் நாட்டுப்புற மெட்டைக் கொண்டுவந்தார். புத்தகம் இல்லாமல், எழுதப்படிக்கத் தெரியாதவரும் சேர்ந்து பாடலாம். ஊர்மக்கள் அவர் பாட்டின் சொல்லையோ மெட்டையோ மாற்றிப் பாடினால் தப்பு என்று திருத்தமாட்டார். அதுவே அவர்கள் தரும் பதில் என்று எடுத்துக்கொள்வார். கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். அதில் தாயும் உண்டு, தகப்பனும் உண்டு. ஒரே உலைச் சோற்றைச் சேர்ந்து உண்பது அவருக்கு இறையியலின் அடிப்படை. சாதி பார்க்கிற ஊரில் அது சாதாரணப் பேச்சில்லை. 1986இல் நாட்டார் வழக்காற்றைப் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். அவர் இசையைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஷெரினியன் எழுதிய நூல் 2014இல் வந்தது.

எதிர்ப்பும் வரத்தான் செய்தது. சாவு வீட்டில் அடிக்கும்படி சுமத்தப்பட்ட பறையைத் தூக்கிப்போட்டுத்தான் மானத்தோடு வாழ வந்தோம், அதையே ஏன் கோயிலுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று தலித் கிறிஸ்தவர்களே கேட்க இடமிருந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இழிவு பறையில் இல்லை, அதைச் சுமத்தியவர்களிடம் இருக்கிறது என்பது அவர் நின்ற நிலை.

இதில் நமக்கென்ன? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பாதுகாப்பு வகுப்பு, அறிவிப்புப் பலகை என்று பேசுகிறோம். மருந்தை இவ்வளவுதான் அறையில் வைக்கணும் என்று விதி சொல்கிறது. எத்தனை உருப்படி செய்தால் எவ்வளவு கூலி என்ற கணக்கில் வேலை பார்க்கிற அக்காவுக்கு, அந்த விதி எந்த நேரத்தில், எதனால் மீறப்படுகிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரைப் பேசவிட்டு நாம் குறிப்பெடுக்கிற வகுப்பு எத்தனை நடக்கிறது?

தம்பி, தங்கைகளே, உங்களில் பலர் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கியதும் வீட்டுப் பேச்சையும் தெருப் பாட்டையும் கழற்றி வைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் போடும் திட்டம் சரியா என்று சொல்லப்போகிறவர்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.