டிவியைப் பதிந்த கணினிகள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கேபிள் அனலாக்காக இருந்தவரை டிவி நிகழ்ச்சியைக் கணினியில் பதிவது சுலபம். ட்யூனர் கார்டில் ஒயரைச் செருகினால் எல்லாச் சேனலும் வரும். எந்த மென்பொருள் என்பதுதான் கேள்வி. மித்டிவி, மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் இரண்டுமே 2002-ல் வந்தவை. மித்டிவி இலவசம், ஆனால் லினக்ஸில் அதை நிறுவி முடிப்பதற்குள் சீரியலே முடிந்துவிடும்! மீடியா சென்டர் எளிது. ஆனால் தொடக்கத்தில் புதுக் கணினியோடுதான் விற்றார்கள். மித்டிவியின் முக்கிய நிகழ்ச்சி அட்டவணைச் சேவை வட அமெரிக்காவுக்கானது என்பதால், தமிழ்ச் சேனல்களுக்கு நேரத்தைக் கையால் குறிக்க வேண்டும். குறித்தாலும் 2012-ல் மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டு. கரண்ட் இல்லாமல் எந்த மென்பொருள் என்ன செய்யும்?

2011-ல் கேபிள் சட்டம் திருத்தப்பட்ட பின், படிப்படியாக எல்லா ஊரிலும் செட்டாப் பாக்ஸ் வந்தது. அதன்பின் பாக்ஸில் ஓடும் சேனலை மட்டுமே கார்டால் பதிய முடிந்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மீடியா சென்டரே இல்லை.