ராகி களி சாப்பிட்டும் எலும்பு வலியா? உடம்பில் வெயில் படுதான்னு பாருங்க!

'குட்டி இங்கிலாந்து' தளியிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போறவரா நீங்க? இது உங்களுக்குத்தான்.

ராகி மட்டும் போதாதா?

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. ஆனால், அதை உடல் நன்றாக உறிஞ்ச வைட்டமின் டி வேணும். முட்டை, மீனில் கொஞ்சம்தான் கிடைக்கும். பெரும்பகுதி, வெயில் படும்போது தோலில்தான் உருவாகிறது.

பஸ் ஜன்னல் வெயில் போதுமா?

போதாது. மூடிய கண்ணாடி, தேவையான புற ஊதா பி கதிர்களைத் தடுத்துவிடும்.

எப்போது நடக்கலாம்?

காலை 11 முதல் பிற்பகல் 3 மணிக்குள், முகம், கைகளில் வெயில் படும்படி 20-30 நிமிடம். நைட் ஷிப்ட் முடித்தவர்கள், தூங்கி எழுந்ததும் வயல் பக்கம் நடக்கலாம்.

மாத்திரை போடலாமா?

வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க. ரத்தப் பரிசோதனை செய்யாமல் நீங்களே போடாதீங்க. வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரகம் பாதிக்கலாம்.