கோப்பிப் பயணம்

ஜேர்மன் மொழியிலே 'கஃபேஃபார்ட்' என்றொரு சொல் உண்டு. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'கோப்பிப் பயணம்' என்பதாகும். பிற்பகல் வேளையிற் கோப்பியும் கேக்கும் உண்பது அந்நாட்டாரின் நெடுநாளைய வழக்கம். குடும்பமாகவோ நண்பர் குழாமாகவோ அயலூர்ச் சத்திரம் ஒன்றுக்குச் சென்று அதனை உண்டு மீள்வதையே அச்சொல் முதலிற் குறித்தது. இன்றோ அச்சொல்லைக் கேட்போரின் மனத்திற் பெரும்பாலும் வேறொரு காட்சியே தோன்றுகின்றது. இளைப்பாறிய முதியோரைப் பஸ் வண்டியில் ஏற்றி, ஊருக்குத் தொலைவான விடுதி ஒன்றிற் பல மணி நேரம் இருத்தி, கம்பளிப் போர்வையும் சமையற் பாத்திரமும் சத்து மாத்திரையும் விற்று அனுப்பும் வாணிபமே அது. ஒரு நல்ல சொல்லின் பொருள் இவ்வாறு இழிந்தமைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட சமுதாய வரலாறு கிடக்கின்றது. அதனையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

முதியோர் எக்காலத்தும் இருந்தனர். 'இளைப்பாறியோர்' என்ற கூட்டத்தாரோ வரலாற்றிற் புதியவர். உழைக்கும் மக்களுக்கு முதுமை என்பது, கை நடுங்கும்வரை உழைத்துவிட்டுப் பின்னர் பிள்ளைகளின் தயவிலோ ஊராரின் தருமத்திலோ எஞ்சிய காலத்தைத் தள்ளுவதாகவே இருந்தது. இந்நிலையிற் பிஸ்மார்க்கின் அரசாங்கம் 1889ஆம் ஆண்டு முதுமைக்கும் இயலாமைக்குமான காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 1891 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகப் பணம் செலுத்தினர். ஒவ்வொருவரின் இளைப்பாற்றுச் சம்பளத்துக்கும் அரசாங்கம் ஆண்டுக்கு 50 மார்க் சேர்த்தது. முதுமைச் சம்பளத்துக்குரிய வயது எழுபது.

பிஸ்மார்க் முதியோர் மீது கொண்ட பரிவினால் இதனைச் செய்தாரல்லர். 1878 முதல் 1890 வரை சமூக சனநாயகவாதிகளின் சங்கங்களையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்த சட்டம் நடைமுறையில் இருந்தது. தடையினால் அடங்காத தொழிலாளரைச் சலுகையினால் இணக்கலாம் என்பது அவரது கணக்கு. சவுக்கும் இனிப்பு ரொட்டியும் என்று ஜேர்மானியர் இதனைச் சொல்வர். சமூக சனநாயகப் பிரதிநிதிகள் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தனர். எழுபது வயதைக் காணும் தொழிலாளர் அன்று மிகச் சிலரே. அவ்வயது அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது 1916இல், அதுவும் முதலாம் உலகப் போரின் நடுவிலே.

உயர்தர வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கையில் மாணவன் ஒருவன், "அந்தக் காசை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள், சேர்?" என்று கேட்டான். பாடநூல் கேளாத நல்ல கேள்வி அது. வாடகைக்கும் பாணுக்கும் கூட அது முழுதாகப் போதாது. வாழ்க்கைச் செலவுக்கு ஓர் உதவித்தொகையாகவே அது வகுக்கப்பட்டது. முதியவர் ஒருவர் அப்பணத்தைக் கொண்டு மலையையோ கடலையோ பார்க்கப் போவார் என்று சட்டம் இயற்றியோர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மலையையும் கடலையும் பார்க்கும் உரிமையை வேறொரு பக்கத்திலிருந்து தொழிலாளரே தேடினர். 1895இல் வியன்னா நகரிற் சோஷலிஸ்டுகள் 'இயற்கை நண்பர்' என்னும் சங்கத்தை நிறுவினர். மலையேற்றமும் பயணமும் செல்வரின் தனிச்சொத்தல்ல என்பதே அவர்களின் எண்ணம். ஜேர்மனியிலும் அச்சங்கம் கிளைத்தது. 1918 நவம்பரில் எட்டு மணி நேர வேலைநாள் கிடைத்தது. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் கூட்டு ஒப்பந்தங்களின் வழியே சிறிது சிறிதாக வந்தது. 1933 மே 2ஆம் நாள் ஹிட்லரின் ஆட்கள் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினர். இயற்கை நண்பர் சங்கமும் அவ்வாண்டே தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பறித்த சொத்தின் மேல் நின்றுகொண்டு, 'களிப்பின் மூலம் வலிமை' என்னும் அமைப்பை நாஜிகள் தொடக்கினர். அவ்வமைப்பின் வெண்ணிறப் பெருங்கப்பல்கள் பிரசாரப் படங்களிலே மிதந்தன; பெரும்பாலான தொழிலாளருக்குக் கிடைத்தவையோ ஒருநாட் பயணமும் குறும்பயணமுமே. யூதருக்கு அவையும் இல்லை. ஓய்வு நேரத்தை யார் ஒழுங்கு செய்கிறாரோ அவர் அந்நேரத்துக்குரியவரையும் ஒழுங்கு செய்ய முனைவார் என்பதை ஜேர்மானியர் அன்றே கண்டனர்.

போருக்குப் பின்னர் மேற்கு ஜேர்மனியில் 1957ஆம் ஆண்டு நிகழ்ந்த இளைப்பாற்றுச் சம்பளச் சீர்திருத்தமே எமது கதையின் திருப்பம். கூலி உயருந்தோறும் இளைப்பாற்றுச் சம்பளமும் உயரும் என்ற விதியை அது கொண்டுவந்தது. ஒரே அடியிற் சம்பளங்கள் சராசரியாக அறுபது சதவீதத்துக்கு மேல் உயர்ந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் அடனோவரின் கட்சியினர் தேர்தலில் அறுதிப் பெரும்பான்மை பெற்றதில் இதற்கும் பங்குண்டு. எதிர்க்கட்சியாகிய சமூக சனநாயகக் கட்சியும் சீர்திருத்தத்தை ஆதரித்தே வாக்களித்தது என்பதை மறத்தலாகாது. (அடுத்த ஆண்டு எமது நாட்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. அதன்படி தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது மாதாந்தப் பணமன்று, ஒரு தொகையே. ஒரு கலியாணத்தோடு அல்லது ஒரு கூரையோடு அது போய்விடும். பென்சனை நம்பியிருக்கும் ஆசிரியராகிய நாம் இவ்வேறுபாட்டை அடிக்கடி நினைத்துக்கொள்வது நன்று.)

இவ்வாறு, வாழ்விலே முதன்முறையாக, வாடகைக்கும் பாணுக்கும் அப்பால் சிறிது பணம் மிஞ்சிய முதியோர் பெருங்கூட்டமாகத் தோன்றினர். அவர்களிற் பெண்கள் மிகுதி. போரிலே கணவரை இழந்தோர் எண்ணற்றோர். பிள்ளைகள் தொழில் தேடி வேறு நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். கையிற் சிறிது பணம், நாள் முழுவதும் பொழுது, பேச ஆளில்லாத வீடு. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்த இடத்துக்கு வணிகன் வராமல் வேறு யார் வருவார்?

முதியோருக்குப் பஸ் வண்டியைப் போன்ற வாகனம் வேறில்லை. அது சிற்றூரின் சந்தி வரை வருகின்றது; பெட்டி தூக்கிக்கொண்டு புகையிரதம் மாற வேண்டியதில்லை; இரவு தத்தம் படுக்கைக்கே திரும்பிவிடலாம். தொழிற்சங்கங்களும் திருச்சபைகளும் நகரசபைகளும் முதியோரை இவ்வாறு அழைத்துச் சென்றன. இன்றும் அழைத்துச் செல்கின்றன. அவற்றிலே குற்றம் காண ஏதுமில்லை. வடகடலிலும் போல்ட்டிக் கடலிலும் 'வெண்ணெய்ப் பயணம்' என்பதொன்றும் நடந்தது. பஸ்களிற் கொண்டுவரப்பட்டோர் கப்பலேறி, சுங்க எல்லையைக் கடந்து, தீர்வையில்லாத வெண்ணெயும் மதுவும் சிகரெட்டும் வாங்கி மீள்வர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே தீர்வையில்லா விற்பனை 1999இன் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டபோது அப்பயணமும் முடிந்தது. அங்கே மலிவான வெண்ணெயாவது மெய்யாகவே மலிவாக இருந்தது.

விற்பனைக் கோப்பிப் பயணம் அவ்வாறானதன்று. அதன் அமைப்பைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். முதலில் ஒரு கடிதம் வருகின்றது. "நீங்கள் பரிசு வென்றுள்ளீர்கள்" என்று அதில் இருக்கும். பரிசை நேரில் வந்து பெறவேண்டும் என்றும் இருக்கும். கட்டணம் மிகச் சிறிது அல்லது இல்லவேயில்லை. காலையுணவும் மதியவுணவும் பன்றித்தொடை இறைச்சிப் பொதியும் இனாம். கடிதத்தின் அடியிற் பெரும்பாலும் ஒரு தபாற்பெட்டி இலக்கமே காணப்படும். விடியற்காலையிற் புறப்படும் வண்டி, சொல்லப்பட்ட அழகிய ஏரிக்குப் போகுமுன், பெயர் தெரியாத ஊரின் ஒதுக்குப்புறத்து விடுதியில் நிற்கும். அங்கே ஒலிவாங்கியுடன் ஒருவர் காத்திருப்பார்.

அவர் பேசுவது பொருளைப் பற்றியன்று, உடம்பைப் பற்றி. மூட்டு வலி, உறக்கமின்மை, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடும் அச்சம் ஆகிய இவற்றையெல்லாம் அவர் நன்கு அறிவார். வாதநோய் தீர்க்கும் கம்பளிப் போர்வை, காந்த மெத்தை, மாத்திரை வைத்தியம் எனப் பொருள்கள் ஒவ்வொன்றாக மேடையேறும். விலை நூற்றுக்கணக்கிலும், சில வேளைகளில் ஆயிரத்துக்கு மேலும் போகும். கடையிலே அதன் சிறு பகுதிக்கு அத்தகைய பொருள் கிடைக்கும். எவரும் வாங்காவிடிற் குரல் மாறும். உணவு உண்டவர் நன்றி கெட்டவராவார். வண்டியோ, விற்பனை முடியாமற் புறப்படாது. கதவு பூட்டப்படவில்லை, ஆயினும் எழுபத்தைந்து வயதுடைய ஒருத்தி பனிக்காலத்தில், புகையிரத நிலையம் எங்கென்று அறியாத ஊரிலே, எங்கே எழுந்து செல்வாள்? இலவசமாகக் கிடைத்த காலையுணவுக்கு இவ்வாறு விலை கட்டப்படுகின்றது.

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. கடைக்கு வெளியே செய்யப்படும் விற்பனை பற்றி 1985இல் வெளியான ஐரோப்பியச் சமூகத்தின் பணிப்புரை, வணிகர் ஒழுங்கு செய்யும் உல்லாசப் பயணங்களையும் குறிப்பிட்டது. மேற்கு ஜேர்மனியில் 1986 மே முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய பயணத்திற் கையொப்பமிட்டவர் ஒரு வாரத்துக்குள் ஒப்பந்தத்தைக் கைவிடலாம் என்றது. வணிகர் சோர்ந்தனரல்லர். ஒப்பந்தத்திற் பழைய திகதியை இட்டனர். அல்லது திகதியே இடாது விட்டனர். மிகத் துணிந்தோர் ஸ்பெயினின் கிரான் கனேரியாத் தீவுக்கு விடுமுறையிற் சென்ற ஜேர்மானியரையே அங்கு பஸ்ஸில் ஏற்றிக் கம்பளி விற்றனர். ஒப்பந்தம் ஸ்பானியச் சட்டத்துக்கு உட்பட்டது என எழுதிக்கொண்டனர். ஏனெனில் ஐரோப்பியப் பணிப்புரையை ஸ்பெயின் 1991 வரை தன் சட்டமாக்கவில்லை. ஸ்பெயின் சட்டமாக்கிய பின்னர் மான் தீவின் சட்டத்தை எழுதினர். ஆட்டு மயிர்ப் போர்வை ஒன்றை முதியவர் தலையிற் கட்டுவதற்குச் சர்வதேசச் சட்டத்தையே கற்ற மூலதனத்தின் ஊக்கத்தை என்னென்பது!

2000ஆம் ஆண்டில், பரிசு கிடைத்ததாகக் கடிதம் எழுதிய வணிகர் அப்பரிசைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சிவில் சட்டக் கோவையிற் பிரிவொன்று சேர்க்கப்பட்டது. பின்னர் கைவிடற் காலம் இரண்டு வாரமாயிற்று. 2022 மே மாதம் முதல் இத்தகைய விற்பனைக் கூட்டங்களில் மருத்துவப் பொருள்களையும் சத்து மாத்திரைகளையும் விற்பது தடைசெய்யப்பட்டது. ஜேர்மனியிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்று எல்லைக்கப்பால் நடத்தும் கூட்டங்களும் முன்னறிவித்தல் விதிக்கு உட்பட்டன. முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1986இற் போர்வையோடு திரும்பியோரிற் பெரும்பாலோர் இத்தடையைக் காணவில்லை.

சட்டங்களைச் சொல்லி வந்ததிற் கிழக்கு ஜேர்மனியை விட்டுவிட்டோம். எமது வாசகர் சிலர் அது பற்றி முன்னரே கேட்க எண்ணியிருப்பர். 1945 அக்டோபரில் டிரெஸ்டன் நகரிற் பிறந்த 'மக்கள் ஒருமைப்பாடு' என்னும் அமைப்பு, முதியோருக்கு மதியவுணவும் மன்றங்களும் பயணங்களும் ஏற்படுத்தியது. அங்கே ஒலிவாங்கிக்காரன் இல்லை. இது மெய். இளைப்பாற்றுச் சம்பளம் மிகக் குறைவு என்பதும், பலர் இளைப்பாறிய பின்னரும் வேலை செய்தனர் என்பதும் மெய்யே.

இவற்றினும் எம்மை உறுத்துவது வேறொன்று. 1961 ஆகஸ்டிற் பேர்லின் சுவர் எழுந்தது. 1964 நவம்பர் முதல், மேற்கிலுள்ள உறவினரைக் காண ஆண்டுக்கொரு முறை செல்ல அனுமதி வழங்கப்பட்டது. யாருக்கு? அறுபது வயதான பெண்களுக்கும் அறுபத்தைந்து வயதான ஆண்களுக்கும். தொழில் செய்யும் வயதினருக்கு மூடிய எல்லை இவர்களுக்குத் திறந்தது. திரும்பி வராவிடிலும் நட்டமில்லை; உழைப்பு முடிந்துவிட்டது, இனிச் சம்பளம் கொடுப்பதே மிச்சம். மனிதனை அவன் உழைப்பாற்றலால் மட்டும் அளப்பது முதலாளியின் கோல் என்று நாம் மேடைகளிற் பேசிவந்திருக்கின்றோம். தொழிலாளரின் அரசு என்று பெயர்கொண்ட அரசு அந்தக் கோலையே எடுத்து எல்லையில் நட்டது. இடதுசாரிகளாகிய நாம் இதனைப் பிறர் சொல்லக் கேட்பதிலும் நாமே சொல்லிக்கொள்வது மேல்.

சுவர் வீழ்ந்தபின் விற்பனைப் பஸ்கள் கிழக்கே விரைந்தன. விளம்பரக் கடிதம் என்பதையே அறியாதிருந்த முதியோர், பரிசு வென்றதாக அச்சிட்ட தாளில் வந்த செய்தியை மெய்யென்று நம்பினர். அச்சிலே பொய்யைக் கண்டறியாதவரல்லர் அவர்கள். ஆனால் அவர்கள் பழகிய பொய் வேறு வகையினது.

முதியோரின் பேதைமையே இத்தனைக்கும் காரணம் என்று எழுதுவோர் உளர். அதனை நாம் ஏற்கவில்லை. நுகர்வோர் ஆலோசனை நிலையங்கள் ஆண்டுதோறும் எச்சரித்தன. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் மறைவான கமெராவினாற் படம்பிடித்துக் காட்டின. செல்வோரிற் பலர் யாவும் அறிந்தே சென்றனர். பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வருவோரும், ஐந்து மணி நேரப் பேச்சையும் ஒன்றும் வாங்காது கேட்டிருந்து இறைச்சிப் பொதியுடன் திரும்புவோரும் உளர். போர்வையை விரும்பி வாங்குவோரும் உளர். அன்றைய நாளில் அவர்களின் பெயரைக் கேட்டவரும், முழங்கால் வலியைப் பற்றி வினவியவரும் அந்த விற்பனையாளர் ஒருவரே. நகரசபையின் முதியோர் மன்றம் பணமில்லையென்று மூடப்பட்ட ஊரிலே, காலை ஏழு மணிக்குச் சந்தியில் வந்து நிற்கும் வண்டி அது ஒன்றுதான்.

மாலையில் வண்டி திரும்புகின்றது. ஏரியைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. சிலரின் மடியிலே பெரிய பொதி. சிலரின் மடியில் வெறுங்கை. பின் வரிசையில் இருவர் காலையிற்றான் அறிமுகமானவர்கள். ஒருத்தி மற்றவளுக்குத் தன் மகனின் படத்தைக் காட்டுகின்றாள். இறங்குமிடம் வந்ததும் சாரதியிடம், அடுத்த பயணம் எந்நாள் என்று கேட்கின்றாள்.